கிளாக் ரேட் 64000: ஒரு சீரியல் போர்ட் பிறந்த கதை

சிஸ்கோ 2501 ரவுட்டரின் பின்புறத்தில் ‘சீரியல் 0’, ‘சீரியல் 1’ என்று எழுதிய இரண்டு போர்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அறுபது முனைகள். அதில் செருகும் கேபிளின் மறுமுனையைப் பார்த்தால் வேறொரு காலத்துப் பொருள் மாதிரித் தெரியும்: உள்ளங்கை நிறைக்கும் கறுப்புக் கட்டி, 34 ஊசிகளுக்கான இடம், இரண்டு பக்கமும் விரலால் திருகும் நீண்ட இரும்புத் திருகாணிகள். இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 34. ஏன் இப்படி என்று கண்டியில் நெட்வேர்க் படிக்க வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தக் கேபிளின் இரண்டு முனைகளுக்கும் இடையில் நூற்றிருபது வருட வரலாறு கிடக்கிறது. அதைச் சொல்லாமல் ‘கிளாக் ரேட் 64000’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கண்டிக்கும் இந்தப் போர்ட்டுக்கும் உள்ள உறவிலிருந்து தொடங்குகிறேன்.

இலங்கைக்குள் இணையம் பல்கலைக்கழகங்களின் வழியாக நுழைந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியில் 1990இல் ‘லேர்ன் மெயில்’ என்ற மின்னஞ்சல் சேவை ஆரம்பமானது. அதே வருடம்தான் ‘டொட் எல்கே’ என்ற நாட்டுப் பெயரும் இலங்கைக்குக் கிடைத்தது. அதைக் கட்டிக்காத்த கிஹான் டயஸின் பெயர் 2013இல் இன்டர்நெட் ஹோல் ஒஃப் ஃபேமில் ஏறியது. அந்த முதல் மின்னஞ்சல் ஏற்பாட்டுக்கு நிரந்தரக் கம்பி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண டெலிபோன் இணைப்பில் மொடெம் ஒன்றைப் பூட்டி, எண்ணைச் சுழற்றி, சேர்ந்திருக்கும் கடிதங்களை ஒரே மூட்டையாக அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடலாம். கடிதம் சில மணி நேரம் பிந்திப் போனால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

உண்மையான இணையம் அப்படியல்ல. கண்டியில் உட்கார்ந்திருப்பவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தூரத்து இயந்திரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். வழி எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் இலங்கை அந்த நிலைக்கு வந்தபோது மேல் மாகாணத்து வளாகங்களுக்கு ஒரு வசதி இருந்தது: அவை ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தன. பேராதனை கொழும்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடுகண்ணாவை ஏற்றத்துக்கு அப்பால், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குப் பல்கலைக்கழகமே கம்பி இழுத்துக்கொள்ள முடியாது. டெலிகொம்மிடம் தடத்தை மாத வாடகைக்கு எடுப்பதுதான் வழி. அதைத்தான் லீஸ்ட் லைன் என்றோம். அந்தக் காலத்தில் லீஸ்ட் லைன் என்றாலே நினைவுக்கு வரும் அளவு 64 கிலோபிட். அந்தத் தடம் வந்து நிற்கும் இடம் எங்கள் கறுப்புக் கட்டி.

டயல்-அப் மொடெம் பூட்டுவதும் சீரியல் போர்ட்தானே, அதையே இதற்கும் பாவித்தால் என்ன என்று கேட்கலாம். முடியாது. அந்த ‘முடியாது’தான் இந்தப் பொருளின் பிறப்பு.

ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக 1, 0, 0, 1 என்று அனுப்புகிறோம். வாங்குகிறவருக்குத் தெரிவது மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் மட்டும். தொடர்ந்து நான்கு பூச்சியம் வந்ததா, ஐந்து வந்ததா என்பதை நேரத்தை அளந்துதான் சொல்ல முடியும். அனுப்புகிறவரிடம் ஒரு கிளாக், வாங்குகிறவரிடம் ஒரு கிளாக். இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்க வேண்டும். ஆனால் உலகில் எந்த இரண்டு கிளாக்கும் சரியாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை.

இந்தப் பிரச்சினை கணினியைவிட மிகவும் மூத்தது. 1874இல் பிரான்சின் தந்தித் துறையில் வேலை செய்த எமில் போதோ தன் தந்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கம்பியைப் பல தந்தியாளர்கள் முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு அது. ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எழுத்துக்குரிய கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும், அதுவும் தன் முறை வரும் கணத்தில். முறை வந்ததைச் சொல்ல இயந்திரம் ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுப்பும். அந்த ஒலிக்குத் தவறாமல் விரல்கள் இறங்க வேண்டும். இரு ஊர்களிலும் சுழலும் பித்தளைக் கைகள் ஒரே நிலையில் நிற்க வேண்டும். சின்க்ரோனஸ் தொடர்பின் ஆரம்ப உருவங்களில் இது ஒன்று. அதில் கிளாக்குக்கு ஒத்து ஓடியது மனிதரின் விரல்.

அந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. 1910களில் சிகாகோவில் டெலிபிரிண்டர் செய்துகொண்டிருந்த ஹோவர்ட் க்ரம் மாற்று வழி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘ஸ்டார்ட்’ துடிப்பு, பின்னால் ‘ஸ்டொப்’ துடிப்பு. வாங்குகிற இயந்திரம் சும்மா நிற்கும். ஸ்டார்ட் வந்ததும் ஓடத் தொடங்கும், ஓர் எழுத்தை வாங்கியதும் நிற்கும். அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து. இரண்டு கிளாக்குகளும் ஓர் எழுத்தின் நேரத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும். அசின்க்ரோனஸ் என்று நாங்கள் சொல்வது இந்த முறையைத்தான். டெலிபிரிண்டரிலிருந்து டயல்-அப் மொடெம் வரைக்கும், ரவுட்டரில் கட்டளை தட்ட உதவும் கொன்சோல் போர்ட் வரைக்கும், இதுவே ஓடுகிறது.

இதற்கொரு விலை இருக்கிறது. எட்டு பிட் அனுப்பப் பத்து பிட் செலவாகும். 64 கிலோபிட் தடத்தில் வினாடிக்கு 8,000 பைட் போக வேண்டிய இடத்தில் 6,400தான் போகும். மாதாமாதம் வாடகை கட்டி எடுத்த தடத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஸ்டார்ட்டுக்கும் ஸ்டொப்புக்கும் கொடுப்பதை எந்தப் பொறியாளர் பொறுத்துக்கொள்வார்?

சரி, அவற்றை எடுத்துவிட்டு ஒரு முழுப் பொதியையும் ஒரே மூச்சில் அனுப்பினால்? கணக்குப் பார்ப்போம். சாதாரணக் குவார்ட்ஸ் பளிங்கு பத்து இலட்சத்துக்கு 50 அளவில் தவறலாம். 10 பிட் எழுத்துக்கு அந்தப் பிழை ஒன்றுமே இல்லை. ஆனால் 1,500 பைட் பொதி என்றால் 12,000 பிட். அதன் கடைசிக்கு வரும்போது வாங்குகிறவரின் கிளாக் 0.6 பிட் தள்ளிப் போயிருக்கும். பாதி பிட்டுக்கு மேல் தள்ளினால் அடுத்த பிட்டைப் படித்துவிடும், பொதி நாசம். ஆக, நீளமாகப் பேச வேண்டுமென்றால் இரு முனைக்கும் ஒரே கிளாக் வேண்டும். தரவோடு சேர்த்து நேரத்தையும் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் இந்தக் கேபிளுக்குள் தரவுக்கென்று இருக்கும் கம்பிச் சோடிகளுக்குப் பக்கத்திலேயே கிளாக்குக்கென்று தனிச் சோடிகள் ஓடுகின்றன.

மலையகத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். லயத்தில் எந்த வீட்டிலும் கடிகாரம் இருக்க வேண்டியதில்லை. தப்புச் சத்தம் எட்டுகிற இடமெல்லாம் ஒரே நேரம். லீஸ்ட் லைனிலும் அப்படித்தான். தப்பு அடிப்பது டெலிகொம். கண்டியில் இருக்கும் ரவுட்டரும் கொழும்பில் இருக்கும் ரவுட்டரும் தங்கள் சொந்தக் கிளாக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, தடத்தில் வரும் துடிப்புக்கு பிட்டை எடுத்துவிடும்.

கணினி வலைக்குள் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1969இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட்டுக்காக பிபிஎன் நிறுவனம் ‘இம்ப்’ என்ற இயந்திரத்தைக் கட்டியது. ஹனிவெல் 516 என்ற கணினிதான் அதன் உடம்பு. இன்றைய ரவுட்டருக்கு அதுவே மூதாதை. இம்புகளை இணைத்தது 50 கிலோபிட் சின்க்ரோனஸ் லீஸ்ட் லைன். பொதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டும் குறிகளைச் சேர்ப்பதும் 24 பிட் பிழைச் சோதனையைக் கணக்கிடுவதும் மொடெம் இன்டர்ஃபேஸ் என்ற வன்பொருளின் வேலை. நாங்கள் இன்று சின்க்ரோனஸ் சீரியல் போர்ட் என்று சொல்வதன் நேர் முன்னோடி அந்தப் பலகை. வன்பொருளுக்குப் பொறுப்பு செவெரோ ஓர்ன்ஸ்டீன்; அவரோடு இளைஞர் பென் பார்கர்.

இயந்திரம் ஓடியது. ஆனால் எப்போதாவது, காரணமே தெரியாமல், உறைந்து நின்றுவிடும். திரும்பச் செய்து காட்டச் சொன்னால் காட்டாது. இப்படி ஒளிந்து விளையாடும் பிழையைப் பிடிப்பதைவிடப் பொல்லாத வேலை பொறியியலில் இல்லை. ஓர்ன்ஸ்டீனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணினிக்குள் ஒரு கிளாக் துடிக்கிறது. தடத்தில் வரும் பிட்டுகள் டெலிபோன் நிறுவனத்தின் கிளாக்குக்கு வருகின்றன. இரண்டுக்கும் உறவில்லை. ‘பொதி வந்துவிட்டதா, இல்லையா’ என்று உள்ளே இருக்கும் சிறு சுற்று ஒன்று தன் கிளாக்கின் ஒவ்வொரு துடிப்பிலும் பார்த்துச் சொல்ல வேண்டும். பொதி வரும் கணமும் பார்க்கும் கணமும் மயிரிழையில் ஒன்றாகிவிட்டால்? அந்தச் சுற்று ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நடுவில் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் கொஞ்சம் நீண்டால் கணினியின் ஒரு பகுதி ஆம் என்று எடுத்துக்கொள்ளும், இன்னொரு பகுதி இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதோடு சரி. சாதாரண வேலைக்குப் பாவித்த கணினியில் இது எப்போதாவது நடந்தாலும் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். இடைவிடாமல் தடத்திலிருந்து பொதி வாங்கும் இம்புக்குள் அது கவனத்துக்கு வரும் அளவுக்கு நடந்தது. ஓர்ன்ஸ்டீனும் பார்கரும் ஒசிலோஸ்கோப்பில் அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்த்து, சுற்றைத் திருத்தினார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 29ஆம் திகதி முதல் செய்தி போனது.

அந்தக் காலத்தில் பல பொறியாளர்கள் இப்படி ஒரு தயக்கம் இருப்பதையே நம்பவில்லை. 1973இல் தோமஸ் சேனியும் சார்ல்ஸ் மோல்னரும் அளந்து கட்டுரையாக வெளியிட்ட பிறகுதான் அது பாடப்புத்தகத்துக்குள் வந்தது. இரண்டு கிளாக்குகள் சந்திக்கும் எல்லையில் அந்தத் தயக்கத்தை முற்றாக ஒழிக்க முடியாது. நிகழும் வாய்ப்பை மிக மிகக் குறைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் கையிலுள்ள போனின் சிப்புக்குள்ளும் அதற்கென்று சுற்றுகள் இருக்கின்றன.

64 என்ற எண் எங்கிருந்து வந்தது? கணினிக்காரர் யாரும் அதைத் தெரிவு செய்யவில்லை. அது மனிதக் குரலின் அளவு. பாரிஸில் ஐடிடி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் குரலை எண்களாக்கி அனுப்பும் முறைக்கு 1938இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். டெலிபோன் குரலுக்கு ஒதுக்கியது 4,000 ஹேர்ட்ஸ். அதை இழப்பில்லாமல் எண்ணாக்க வினாடிக்கு 8,000 முறை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டில் எழுதினால் 64,000. ஒரு டெலிபோன் அழைப்பின் இடம் இது. 1962இல் அமெரிக்காவில் டி1 என்ற பெயரில் 24 குரல்களை ஒரே கம்பியில் கட்டினார்கள். ஐரோப்பியர்கள் 32 இடங்கள் கொண்ட இ1ஐச் செய்தார்கள். வேகம் 2,048 கிலோபிட். இலங்கை வந்தது ஐரோப்பிய வழியில். அமெரிக்கர்கள் ஒவ்வொரு குரலிலிருந்தும் இடைக்கிடை ஒரு பிட்டைத் திருடி அழைப்புச் சமிக்ஞைக்குப் பாவித்ததால் அவர்களுக்குத் தரவுக்கு நம்பகமாகக் கிடைத்தது 56 கிலோபிட். எங்களுக்கு முழு 64 கிடைத்தது. கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒருவர் ‘ஹலோ’ சொல்லப் போதுமான அந்த இடத்துக்குள் ஒரு முழு வளாகத்தின் இணையமும் போய் வரலாம் என்று 1990களில் நம்பினோம், போயும் வந்தது. ஒரு மெகாபைட் கோப்பு இறங்க 125 வினாடி. அதுவும் வேறு ஒருவரும் தடத்தைத் தொடாமல் இருந்தால்.

அந்த 34 முனைக் கட்டியின் கதையும் இதைப் போன்றதே. அதன் பெயர் வி.35. 1968இல் ஆர்ஜென்டீனாவின் மார் தெல் பிளாத்தா நகரில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்புக் குழுவான சிசிஐடிடி, 48 கிலோபிட் மொடெம் ஒன்றுக்கு எழுதிய பரிந்துரை அது. 12 டெலிபோன் குரல்கள் சேர்ந்த ஒரு தொகுதியின் 60 முதல் 108 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள இடத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும் மொடெம். மொடெம் அதிக காலம் நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பரிந்துரையின் பின்னிணைப்பில் மொடெமுக்கும் கணினிக்கும் இடையிலான மின் இணைப்பைப் பற்றிச் சில பக்கங்கள் இருந்தன. தரவுக்கும் கிளாக்குக்கும் முறுக்கிய சோடிக் கம்பிகள், ஒன்றில் 0.55 வோல்ட் ஏறினால் மற்றதில் அதே அளவு இறங்கும். வெளியிலிருந்து இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் சமமாகப் புகும், கழித்துப் பார்த்தால் மறைந்துவிடும். சாதாரண ஆர்எஸ்-232 கேபிள் வினாடிக்கு 20 கிலோபிட்டுக்கென்று வரையறுக்கப்பட்டது. இந்தச் சோடிக் கம்பிகள் மெகாபிட்டைச் சர்வ சாதாரணமாகத் தாங்கின. 1980களின் முடிவில் சிசிஐடிடி அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. சந்தை கைவிடவில்லை. கைவிடப்பட்ட மொடெமின் கேபிள்தான் உலகெங்கும் லீஸ்ட் லைன்களின் வாயிலில் வந்து நின்றது.

கம்பியும் கிளாக்கும் கிடைத்தன. ஓயாமல் ஓடும் பிட் வெள்ளத்தில் ஒரு பொதியின் தலை எது, வால் எது? 1974இல் ஐபிஎம் தன் எஸ்டிஎல்சியில் இதற்கு அழகான தீர்வு ஒன்று சொன்னது. சர்வதேச அளவில் அது எச்டிஎல்சி ஆனது. ஒவ்வொரு பொதியின் முன்னும் பின்னும் 01111110 என்ற கொடி. நடுவில் ஆறு ஒன்றுகள். பொதிக்குள்ளேயே தற்செயலாக அப்படி வந்துவிட்டால்? அனுப்புகிற சிப் ஐந்து ஒன்றுகளை அனுப்பியதும், அடுத்து என்ன இருந்தாலும், ஒரு பூச்சியத்தைச் செருகிவிடும். வாங்குகிற சிப் ஐந்து ஒன்றுக்குப் பின் பூச்சியம் வந்தால் அதை வீசிவிடும். ஆறாவதும் ஒன்றாக வந்து பிறகு பூச்சியம் வந்தால் அதுதான் கொடி. 11111101 என்ற பைட் தடத்தில் 111110101 ஆகப் போகும். மறுமுனையில் பழையபடி 11111101 ஆகிவிடும். கொடி ஒருபோதும் தரவாகாது, தரவு ஒருபோதும் கொடியாகாது. ஒரு பிட் செலவில் இவ்வளவு உறுதி. இதைத் தாளில் எழுதிக் காட்டும்போது வகுப்பில் ஒரு முகமாவது மலரும். எனக்கு அது போதும்.

எச்டிஎல்சி பிறந்தது ஒரு மெயின்ஃபிரேமும் அதன் டெர்மினல்களும் பேசிக்கொள்வதற்காக. உள்ளே இருப்பது எந்த மொழிப் பொதி என்று சொல்ல அதில் இடம் இல்லை. 1974இல் வின்ட் சேர்ஃபும் பொப் கானும் எழுதிய கட்டுரையில் ‘கேட்வே’ என்று பெயரிட்ட இயந்திரங்கள் வந்த பிறகுதான் அந்தத் தேவை எழுந்தது. 1984இல் தொடங்கிய சிஸ்கோ, எச்டிஎல்சி தலைப்பில் இரண்டு பைட் கூட்டி அந்த இடத்தில் பொதியின் வகையை எழுதியது. மற்ற நிறுவனங்களின் பெட்டிக்கு அது புரியாது. எல்லோருக்கும் பொதுவாக வந்தது பிபிபி. அதன் நிலைத்த வடிவம் 1994இல் ஆர்எஃப்சி 1661 ஆக வெளியானது. இரு முனையும் முதலில் கைகுலுக்கி, எவ்வளவு பெரிய பொதி, கடவுச்சொல் வேண்டுமா என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் பிபிபியில் தரவு ஓடும்.

இனி அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காருவோம். கொன்சோல் கேபிளைப் பூட்டி, ‘இன்டர்ஃபேஸ் சீரியல் 0’ என்று தட்டி, ஐபி முகவரி கொடுத்து, ‘என்கப்சுலேஷன் பிபிபி’ என்று சொல்லி, ‘நோ ஷட்டவுன்’ கொடுக்கிறோம். நான்கே வரி. லீஸ்ட் லைனாக இருந்தால் கிளாக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். டெலிகொம்மின் பெட்டி அதைத் தரும். அந்தப் பெட்டி டிசிஇ, எங்கள் ரவுட்டர் டிடிஇ. வகுப்பறையில் டெலிகொம் இல்லை. இரண்டு ரவுட்டர்களைக் கேபிளால் முதுகோடு முதுகாக இணைக்கும்போது ஒன்று டெலிகொம்மின் வேடம் போட வேண்டும். டிசிஇ கேபிள் எந்த ரவுட்டரில் பூட்டியிருக்கிறதோ அதில்தான் ‘கிளாக் ரேட் 64000’ தட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்று கேபிளின் ஊசிகளே ரவுட்டருக்குச் சொல்லிவிடும். அறுபது முனை வைத்ததன் காரணம் அதுதான். எந்த ஊசிகள் குறுக்கே இணைந்திருக்கின்றன என்று பார்த்து, இது வி.35ஆ, எக்ஸ்.21ஆ, ஆர்எஸ்-232ஆ, டிடிஇயா, டிசிஇயா என்று பெட்டி தானே கண்டுபிடிக்கும். ‘ஷோ கொன்ட்ரோலர்ஸ் சீரியல் 0’ என்று கேட்டால் எழுதிக் காட்டும்.

பிறகு வரும் அந்தப் பிரபலமான வரி: சீரியல் 0 அப், லைன் புரொட்டோகோல் டவுன். கம்பியில் மின் சமிக்ஞை இருக்கிறது, பேச்சு இல்லை. ஒரு பக்கம் பிபிபி, மறுபக்கம் சிஸ்கோவின் எச்டிஎல்சி என்றால் இப்படி வரும். கிளாக் ரேட் மறந்தாலும் வரும். சிஸ்கோவின் முறையில் இரு முனையும் 10 வினாடிக்கு ஒருமுறை ஓர் இலக்கத்தை அனுப்பி, மறுமுனையிலிருந்து கடைசியாக வாங்கிய இலக்கத்தையும் திருப்பிச் சொல்லும். மூன்று முறை பதில் வராவிட்டால் புரொட்டோகோல் டவுன். டெலிகொம் பொறியாளர் தடத்தைச் சோதிக்க நடுவில் லூப் போட்டிருந்தால் ரவுட்டர் தன் இலக்கத்தைத் தானே கேட்டு, ‘லூப்ட்’ என்று சொல்லிவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து இந்தப் பக்கம் பழுதா அந்தப் பக்கம் பழுதா என்று டெலிபோனில் வாதாடாமல் தீர்க்க இந்த ஒரு சொல் போதும்.

இன்னொரு வரியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மௌனமாகக் கெடுதல் செய்யும். சிஸ்கோவின் சீரியல் போர்ட் தன் வேகம் 1,544 கிலோபிட் என்றே பிறப்பிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கும். அது அமெரிக்க டி1 வேகம். தடம் 64தான் என்று ‘பேண்ட்வித் 64’ கட்டளையில் நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னாலும் தடத்தின் உண்மையான வேகத்தில் எந்த மாற்றமும் வராது. வழி தேடும் ஓஎஸ்பிஎஃப் போன்றவை போடும் கணக்குத்தான் மாறும். சொல்லாவிட்டால் அந்தத் தடத்தின் செலவு 64, சொன்னால் 1,562. இரண்டு வழிகள் இருக்கும் வலையில் அந்த வித்தியாசம் பெரிது: பெரிய தடம் சும்மா கிடக்க, எல்லாப் பொதியும் மெலிந்த தடத்தில் போய் நெரியும். எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரியும். பாவிப்பவர்கள் மட்டும் ‘லைன் ஸ்லோ’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 64 கிலோபிட்டில் 1,500 பைட் பொதி ஒன்று வெளியேற 187 மில்லிவினாடி. அதன் பின்னால் ஒருவர் தட்டிய ஒற்றை எழுத்து நின்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இ1 வேகமும் அதற்குக் கீழுமான சீரியல் போர்ட்டுகளில் சிறிய உரையாடல்களுக்கு இடம் விட்டுக்கொடுக்கும் வரிசை முறையைச் சிஸ்கோ தானாகவே இயக்கி வைத்தது. ஒரு கோப்பு இறக்குகிறவருக்காக மற்ற எல்லோரும் உறைந்து போகாமல் இருந்ததற்கு அந்த முறைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கண்டியில் இந்தத் தடத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் மலைக்கு மேல் கட்டும் இடிமழை. வளாகத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் ஓடியது செப்புக் கம்பி. இடி விழும் நாளில் செப்புக் கம்பி வழியாக வருவது பிட் மட்டுமல்ல. வானம் கறுத்ததும் பெட்டியின் கேபிளைக் கழற்றி வைப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். திரும்பப் பூட்டும்போது அந்த இரண்டு திருகாணியையும் ஒழுங்காக இறுக்காவிட்டால், மறுநாள் காலையில் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ காட்டும் சிஆர்சி (பிழைச் சோதனை) எண்ணைப் பார்த்து, ரவுட்டரின் அமைப்பைக் கலைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் திருகாணி, பிறகு கேபிள், பிறகு கிளாக், கடைசியில்தான் கட்டளை வரிகள்.

தப்பு அடிக்கும் டெலிகொம்முக்கு யார் தப்பு அடிப்பது என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். சரியான கேள்வி. ஒரு நாட்டின் தொலைபேசி வலை முழுக்க ஒரு முதன்மைக் கிளாக்கிலிருந்து நேரம் வாங்குகிறது. ஜி.811 என்ற பரிந்துரைப்படி அது பத்தாயிரம் கோடிக்கு ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது. சீசியம் அணுக் கடிகாரம் தரும் துல்லியம் அது. இரண்டு நாடுகளின் வலைகள் சந்திக்கும் இடத்தில் அந்த நுண்ணிய வித்தியாசமும் சேர்ந்துகொண்டே போய், ஏறக்குறைய 70 நாளுக்கு ஒருமுறை 125 மைக்ரோவினாடியளவு தரவு வழுக்கிவிடும். அதை ஏற்றுக்கொண்டே உலகம் ஓடியது. 1986இல் அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட்டை 56 கிலோபிட் தடங்களில் ஓட்டிய ‘ஃபஸ்போல்’ என்ற கேட்வேக்களை எழுதிய டேவிட் மில்ஸ்தான் கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியையும் தந்தவர். 2024இல் காலமானார். இன்று எங்கள் எல்லோருடைய கணினியும் சரியான நேரம் காட்டுவது அவரால்.

இப்போது பேராதனைக்கு வருவது ஒளியிழை. ரவுட்டரில் பூட்டுவது ஈதர்நெட். சிஸ்கோவின் சிசிஎன்ஏ பாடத்திட்டத்தை 2020இல் மாற்றியபோது பிபிபி அமைக்கும் பகுதி நீங்கிவிட்டது. புதிய ரவுட்டர்களில் சீரியல் போர்ட் வேண்டுமென்றால் தனி அட்டை வாங்கிப் பூட்ட வேண்டும். ஆனால் அந்தத் தேவை முற்றாகப் போய்விடவில்லை. உலகின் பல உயர் அழுத்தத் துணை மின்நிலையங்களில் இன்றும் 64 கிலோபிட் சின்க்ரோனஸ் தடங்கள் ஓடுகின்றன. நீண்ட மின்வழியின் இரு முனையிலும் உள்ள காப்பு ரிலேகள், உள்ளே நுழையும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் ஒரே கணத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் கண்டால் சில பத்து மில்லிவினாடிக்குள் வழியைத் துண்டிக்க வேண்டும். பொதி எவ்வளவு தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரியாத தடம் அந்த வேலைக்கு ஆகாது. எனவே அங்கே ஈதர்நெட்டைக் கொண்டுவருகிற பொறியாளர்கள் முதலில் செய்வது, அதற்குள் ஒரு கிளாக்கைக் கொண்டுபோகும் வழியைத் தேடுவது.